பெரியம்மாவின் முதுகுப் பள்ளம்

மெத்தை மாமாவிடம் போய் யாரும் கெட்ட செய்தி கேட்டுத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. வீடு இடிந்து விழுந்தால்கூட, "நல்லவேளை, கதவு தப்பிச்சுதே" என்று சொல்லக்கூடிய மனிதர். குதிரையேற்றப் பள்ளியில் சேணம் தைப்பதும் பழுது பார்ப்பதும் அவர் உத்தியோகம். சேணத்தின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் தோல் பைகளைப் பிரித்து, உள்ளே கம்பளிப் பஞ்சைத் திணித்து, குதிரையின் முதுகுக்கும் மனிதனின் பின்பக்கத்துக்கும் இடையே ஒரு சமாதான உடன்படிக்கை செய்துவைப்பார். பஞ்சு திணிப்பதால் மெத்தை. எல்லோருக்கும் நல்லவராக இருப்பதால் மாமா. இரண்டாவது பட்டத்துக்காக அவர் பட்ட பாடு முதலாவதைவிட அதிகம்.

பள்ளி ஊருக்கு வெளியே, ரயில் தண்டவாளத்துக்கும் ஒரு மரக்கிடங்குக்கும் நடுவில் இருந்தது. தகரக்கூரை போட்ட நீளமான லாயம். மணல் கொட்டிய வட்டமான மைதானம். அதைச் சுற்றி வேலி. வேலிக்கு வருஷம் தவறாமல் வெள்ளையடித்தார்கள், வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும். அதற்கு அப்பால் மரம் மரமாகவே இருந்தது.

இந்த நிறுவனத்தின் முதலாளி கேப்டன். எந்தக் காலத்திலும் எந்தப் படையிலும் இருந்தவரில்லை. ஆனால் மீசை இருந்தது, கழுத்தில் விசில் தொங்கியது. அது போதும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவரை நிமிர்ந்து பார்த்து "முடியாது" என்று சொல்ல ஆளே கிடைக்காமல் வளர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

லாயத்தின் கடைசித் தடுப்பைப் பலகை வைத்து மறித்து மாமாவுக்குப் பட்டறை கொடுத்திருந்தார்கள். ஒரு மரக்குதிரை, அதன்மேல் எப்போதும் ஒரு சேணம். குத்தூசிகள், மெழுகு பூசிய நூல்கண்டு, பஞ்சை உள்ளே தள்ளுவதற்கு நுனி பிளந்த நீளக் கம்பி. மூலையில் மூட்டை மூட்டையாகக் கம்பளி. அங்கே நுழைகிறவர்களுக்குத் தும்மல் வரும். "தும்மினா ஆயுசு நீளும்" என்பார் மாமா. இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதனால் என்ன, தும்மியவருக்குச் சந்தோஷமாக இருந்ததா இல்லையா?

பட்டறைக்கு எதிரே தீவனக் கிடங்கு. அதன் ஆட்சி அவர் மனைவியிடம். அந்த அம்மாளுக்குத் தராசு அக்கா என்று பெயர். ஒரு கைப்பிடி ஓட்ஸ் கூடுதலாக விழாது, ஒரு கைப்பிடி குறையவும் குறையாது. கேப்டனே வந்து தன் செல்லக் குதிரைக்குக் கொஞ்சம் சேர்த்துப் போடச் சொன்னபோது, "அது வயித்தைக் கேட்டுட்டு வாங்க, போடறேன்" என்று அனுப்பிவைத்தாள். கேப்டன் அன்றைக்கு வயிற்றைக் கேட்கப் போனவர்தான், திரும்பி வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று ஊருக்குப் புரியவில்லை. குழந்தை இல்லை. அந்தக் குறையைப் பற்றி மாமா ஆறுதலாக நிறையப் பேசுவார். அக்கா பேசவே மாட்டாள்.

பேச்சில்லாத அந்த இடத்தில்தான் பெரியம்மா வந்து நின்றுகொண்டாள்.

பெரியம்மா என்பது ஒரு குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. வயதில் லாயத்துக்கே மூத்தவள். அந்த ஊரில் குதிரை மேல் உட்காரத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவள் முதுகில் பழகியவர்கள், மீதிப்பேர் அவள் முதுகிலிருந்து விழுந்தவர்கள். முறை தெரியாமல் யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் கழுத்தை மெதுவாகத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பாள். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தவனைப் பெரியம்மா பார்க்கிற அதே பார்வை. பெயர் அப்படித்தான் வந்தது. தராசு அக்கா கிடங்குக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் லாயத்தில் முதல் கனைப்பு அவளுடையதாக இருக்கும். அக்காவும், "வர்றேன் வர்றேன், நீ ஒருத்திதான் பட்டினி கிடக்கறியா?" என்று திட்டிக்கொண்டே முதலில் அங்கேதான் போவாள்.

ஒரு மழைநாளில் லாரியின் சாய்பலகையில் இறங்கும்போது பெரியம்மாவின் பின்னங்கால் வழுக்கியது. விழவில்லை. விழாமல் இருப்பதற்காக முதுகை என்னவோ செய்துவிட்டாள். அதற்கப்புறம் முதுகில் கை வைக்க விடவில்லை, ஈ உட்கார்ந்தாலும் உடம்பு சிலிர்த்தது. ஓய்வு கொடுத்தார்கள். களிம்பு பூசினார்கள். சில வாரங்களில் சிலிர்ப்பது நின்றது. கேப்டன் வந்து முதுகெலும்பின் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அவள் அசையாமல் வைக்கோல் மென்றாள்.

"குணமாயிடுச்சு!" என்று விசில் ஊதினார். விசில் ஊதினால் அந்தப் பள்ளியில் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் மாமா சேணத்தை எடுத்து வைத்தார். சேணம் நன்றாக உட்காரவில்லை. கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்தார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும், முன்பு சதை மேடாக இருந்த இடத்தில், வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளம்.

இங்கே மாமாவின் தொழில் தர்மத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதுகு எப்படி இருக்கிறதோ அப்படியே சேணம் இருக்க வேண்டும் என்பது சேணம் தைப்பவர்களின் வேதம். மேடு இருந்தால் பஞ்சைக் குறை. பள்ளம் இருந்தால் பஞ்சைச் சேர். ஏன் பள்ளம் என்று கேட்பது அந்த வேதத்தில் எந்த அத்தியாயத்திலும் இல்லை. சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்காரர், "ஏன் சார் இளைச்சுட்டீங்க?" என்று கேட்டால் நாம் சந்தோஷப்படுவோமா?

மாமா பட்டறைக்குப் போனார். பையைப் பிரித்தார். பஞ்சு சேர்த்தார். சேணம் பசை போட்டு ஒட்டியதுபோல் உட்கார்ந்தது. கேப்டன் தட்டிப் பார்த்து, "மெத்தை, உன் கையே கை!" என்றார். அடுத்த மாதம் பள்ளம் இன்னும் இறங்கியது. மாமா இன்னும் சேர்த்தார். இப்படி அந்தக் குதிரையின் முதுகு உள்ளே போகப் போக, சேணம் வெளியே வந்துகொண்டிருந்தது. மேலே துணி போர்த்தி, அதன்மேல் சேணமும் வைத்துவிட்டால் பெரியம்மா கொழுகொழுவென்றுதான் தெரிந்தாள். மாமாவின் வேலை அவ்வளவு சுத்தம்.

இதை வெளியே கொண்டுவந்தது டாக்டரம்மா. எல்லாக் குதிரைகளுக்கும் ஊசி போட வந்த புது மாட்டு டாக்டர். நான் குதிரைக்கும் பார்ப்பேன் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை அவருக்கு. பெரியம்மா சேணம் இல்லாமல் நின்றிருந்தாள். டாக்டரம்மா முதுகைத் தடவினார், நின்றார், மறுபடி தடவினார். பிறகு ஒரு சின்னத் திரை வைத்த பெட்டியைக் கொண்டுவந்து, குழாய் போன்ற ஒன்றை முதுகில் வைத்து நகர்த்திப் பார்த்தார்.

"இவளுக்குச் சேணம் யார் தைக்கறது?"

மாமா பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக முன்னால் வந்தார். "நான்தாம்மா."

"ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க. அதுதான் பிரச்சனை."

மாமாவுக்கு இந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் புரிந்தது.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். "முதுகெலும்பு ஒரே குச்சி இல்ல மாமா, கோத்த மணி மாதிரி. மேல இருக்கற பெரிய தசை ஓடறதுக்கும் தாவறதுக்கும். அதுக்கும் அடியில, எலும்பை ஒட்டி, சின்னச் சின்னதா இன்னொரு தசை இருக்கு. ஒரு மணியைப் பக்கத்து மணியோட பிடிச்சு வைக்கறதுதான் அதோட வேலை. ஆள் ஏறினா முதுகு ஆடாம இருக்குன்னா அதனாலதான். வலி வந்தா முதல்ல வேலையை நிறுத்தறதும் அதுதான்."

"வலிதான் போயிடுச்சேம்மா?"

"வலி போயிடும். அது திரும்ப வேலைக்கு வராது. தானா வரவே வராது. நாமதான் எழுப்பணும்."

தீவன வாளியோடு நின்ற தராசு அக்கா, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏதாவது மருந்து உண்டா?" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அலுவலகங்களில் பழகியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிற ஓர் ஆள் இருப்பார். அவர் படுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மேலே இருக்கிற பெரியவர் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறேன் என்று விறைத்துக்கொண்டு நிற்பார். வேலை நடப்பதுபோலவே இருக்கும். பெரியம்மாவின் முதுகிலும் அதுதான் நடந்தது. மேல்தசை விறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது, கீழே ஆளில்லை. இப்படியே ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தால் எலும்பும் எலும்பும் உரச ஆரம்பிக்கும், அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா.

வைத்தியம் கேட்டால் சிரிப்பு வரும். கேரட். குதிரையை நேராக நிற்க வைத்து, கேரட்டைக் காட்டி, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவர வைக்க வேண்டும். பிறகு இரண்டு முன்முட்டிக்கு நடுவே. பிறகு பக்கவாட்டில் இடுப்பு வரைக்கும், பின்னங்கால் வரைக்கும். கால் நகரக்கூடாது. எட்டிய இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் அடியில் தூங்குகிற தசைகள் ஒவ்வொன்றாக விழிக்கும். வயிற்றுக்கு அடியில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டி முதுகைத் தூக்க வைக்க வேண்டும். தரையில் கட்டைகளைப் போட்டு மெதுவாகத் தாண்டி நடத்த வேண்டும். தினமும், மாதக்கணக்கில். அதுவரை முதுகில் சேணமே ஏறக்கூடாது.

கேப்டன் மீசையைத் தடவினார். "விடுமுறை ஆரம்பிக்கறப்போ ஆள் ஏறணும். அதுவரைக்கும் கேரட் ஊட்டுங்க, தாலாட்டுங்க, எனக்கு என்ன? அப்பவும் ஏத்த முடியலைன்னா லாரியைக் கூப்பிடுவேன்."

லாரி என்றால் எல்லோருக்கும் தெரியும். கிழக்குதிரைகளை வாங்கிப் போகிற ஆள் ஒருவன் இருந்தான். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அப்படி ஒரு நாகரிகம்.

மாமா கேரட் வைத்தியத்தில் இறங்கினார். உலகத்திலேயே தனக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வைத்தியம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. வேலையும் செல்லம் கொடுப்பதும் ஒன்றாகவே இருந்ததே! "எங்க பாக்கலாம், என் தங்கம், இந்தப் பக்கம்" என்று கேரட்டை நீட்டுவார். பெரியம்மா கழுத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிவிட்டு, மீதித் தூரத்துக்கு அவரையே பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மாமாவின் கை தானாக நகரும். கேரட் மெதுவாக அவள் வாயைத் தேடிப் போகும். அவள் கடிப்பாள். "சபாஷ்!" என்பார்.

சில வாரங்கள் இந்த நாடகம் நடந்தது. கிடங்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்த அக்கா ஒருநாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"உடற்பயிற்சி."

"யாருக்கு? அவ நிக்கறா. நீங்கதான் வளையறீங்க."

"எட்டலை பாவம்..."

"எட்டாதுன்னுதானே எட்டச் சொல்றாங்க? கேரட்டுகிட்ட குதிரை போகணும். குதிரைகிட்ட கேரட் போனா அதுக்குப் பேரு சாப்பாடு. அதை நான் வேளாவேளைக்குப் போடறேன். குடுங்க இங்க."

அன்றிலிருந்து கேரட் அக்கா கைக்கு வந்தது. பெரியம்மாவின் இடுப்புப் பக்கம் கேரட்டைப் பிடித்துக்கொண்டு கல்போல நிற்பாள். பெரியம்மா பார்ப்பாள். அக்காவும் பார்ப்பாள். இரண்டு பெரியம்மாக்களும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க லாயமே கூடிவிடும். பெரியம்மா காலை நகர்த்திக் குறுக்குவழி பார்த்தால் கேரட் பையில் போய்விடும். "கால் நகர்ந்தா கணக்கில்ல. முதல்லேர்ந்து." பெரியம்மா கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்ற நாட்கள் உண்டு. அன்றைக்கு அக்கா வீட்டில் சரியாகச் சாப்பிடமாட்டாள். மாமா கேட்டால், "பசிக்கலை" என்பாள்.

மெல்ல மெல்லக் கழுத்து வளைந்தது. விலா வளைந்தது. ஒருநாள், கால் நாலும் தரையில் ஊன்றியபடியே, பெரியம்மாவின் மூக்கு அவளுடைய இடுப்பெலும்பைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது. அக்கா கேரட்டைக் கொடுத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்தாள். "தூசி" என்றாள். பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமா, அங்கே தூசி இல்லை என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா பெட்டியோடு வந்து பார்த்தார். திரையில் என்ன தெரிந்ததோ, அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "வருதுக்கா! பாதி வழி வந்துடுச்சு. இதே மாதிரி இன்னொரு பங்கு ஆகணும். இப்ப மட்டும் யாரையும் ஏத்திடாதீங்க. புதுசா வந்ததெல்லாம் போயிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது." போகும்போது தன் நம்பரைப் பட்டறைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில் அக்காவின் தங்கைக்கு ஆபரேஷன். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அக்கா பஸ் ஏறும்போது சொன்னது ஒன்றுதான்: "கேரட்டை நகர்த்தாதீங்க." தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மாமாவுக்கு லேசாக வருத்தம்.

விடுமுறை ஆரம்பித்தது. ஆட்கள் குவிந்தார்கள். அதே வாரத்தில் இரண்டு குதிரைகளுக்குக் குளம்பில் புண். கேப்டன் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"பெரியம்மாவை எடு."

"இன்னும் பாதிதான் ஆயிருக்கு கேப்டன்..."

"மீதிப் பாதிக்கு நான் எங்க போறது? வெளியில ஆள் நிக்குது. ஒண்ணு, திங்கட்கிழமை அவ முதுகுல ஆள் ஏறணும், இல்லைன்னா செவ்வாய்க்கிழமை அவ லாரியில ஏறணும். நீயே சொல்லு."

இப்படி ஒரு தேர்வுத்தாள் மாமாவின் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. நான்கு அடி தள்ளிச் சுவரில் டாக்டரம்மாவின் நம்பர் இருந்தது. கையெட்டும் தூரத்தில் போன் இருந்தது. 'முடியாது' என்று ஒரு சொல் தமிழிலும் இருக்கத்தான் செய்கிறது. மாமா யோசித்தார். ஏற்றினால் முதுகு போகும் என்கிறார்கள், ஆனால் அது பிறகு. ஏற்றாவிட்டால் குதிரையே போகும், அது செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு வழி இருக்குமே, எப்போதும் இருந்திருக்கிறதே, எவ்வளவு மோசமான முதுகுக்கும் எவ்வளவு கனமான ஆளுக்கும் நடுவே தன்னால் ஏதாவது வைத்துத் தைக்க முடிந்திருக்கிறதே என்று நினைத்தார். விடுமுறையை மட்டும் தள்ளிவிட்டால் போதும். அப்புறம் அக்கா வந்துவிடுவாள், கேரட் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும்.

"தைச்சுத் தர்றேன் கேப்டன்" என்றார்.

அவர் வாழ்நாளில் தைத்ததிலேயே சிறந்த சேணம் அது. இதில் கேலி இல்லை. கம்பளியில் நீளமான இழையைத் தனியாகப் பிரித்து, கையால் கோதி, ஓர் அடுக்கு. சுருண்ட இழை இன்னோர் அடுக்கு. கம்பியால் தள்ளித் தள்ளி, தட்டித் தட்டி, எங்கேயும் கட்டி இல்லாமல், எங்கேயும் வெற்றிடம் இல்லாமல். முதுகெலும்பின் மேல் காற்று போக வழி விட்டு, இரண்டு பக்கமும் பாரம் பரவுகிற மாதிரி. அந்த வேலையின் ஒவ்வொரு தையலிலும் அன்பு இருந்தது. அதுதான் இதில் சொல்லச் சங்கடமான விஷயம்.

அந்தச் சேணத்தில் ஏறியவர் பேங்க் மேனேஜர். கனத்த சரீரம், நல்ல மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகுவலி வந்து, யாரோ குதிரை ஏறினால் முதுகு பலப்படும் என்று சொல்லி வந்து சேர்ந்தவர். தன் முதுகைச் சரிசெய்துகொள்ளப் பெரியம்மாவின் முதுகைத் தேர்ந்தெடுத்தார்.

"மாமா, இது சேணமா சோபாவா?" என்று முதல்நாளே கேட்டார்.

"உங்களுக்குன்னே தைச்சது சார்."

"குதிரைக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லையே? நான் கொஞ்சம் வெயிட்டு."

"அவளா? நீங்க ஏறினதே அவளுக்குத் தெரியாது."

மேனேஜர் அந்த விடுமுறை முழுதும் தினமும் வந்தார். அவர் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. நிமிர்ந்து நடந்தார். போகும்போது பெரியம்மாவின் நெற்றியைத் தடவி, "தேங்க்ஸ்டா ராஜாத்தி" என்பார்.

அவர் போனபிறகு மாமா சேணத்தை இறக்கி, முதுகில் கையை வைப்பார். அக்கா மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேடாக்கியது மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. கை சொன்னது. மாமா கேட்டார். பட்டறைக்குப் போய் ஒரு பிடி பஞ்சு எடுத்துவந்தார்.

போனில் அக்கா கேட்பாள். "எப்படி இருக்கா?"

"ராணி மாதிரி இருக்கா."

"யாரையும் ஏத்தலையே?"

"சேச்சே. தங்கச்சிக்குத் தையல் பிரிச்சாச்சா?"

"முகத்தைத் திருப்பி இடுப்பைத் தொடறாளா?"

"தொட்டுட்டே இருக்கா."

இதைச் சொல்லும்போது எதிரே பெரியம்மா கால்களை அகல வைத்து, தலையைத் தொங்கவிட்டு நின்றாள். யார் உட்கார்ந்தாலும் இப்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல குணம் வந்துவிட்டது என்று கேப்டன் சொன்னார்.

விடுமுறை முடிந்து, அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, பெட்டியோடு நேராக லாயத்துக்கு வந்தாள். கிடங்குக் கதவைத் திறந்தாள். கனைப்பு வரவில்லை. பெரியம்மா தடுப்புக்குள் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தாள். முன்பாதி எழுந்தது. பின்பாதி எழவில்லை. மறுபடி ஊன்றினாள். மறுபடி சரிந்தாள். பலகைச் சுவரில் உடம்பு மோதுகிற சத்தம் மாமாவின் பட்டறை வரைக்கும் கேட்டது.

டாக்டரம்மா வந்தார். ஆட்கள் கயிறு போட்டு எழுப்பி நிறுத்தினார்கள். பெட்டியின் குழாயை முதுகில் வைத்தார். பிறகு, எலும்பும் எலும்பும் உரசுகிறது, பின்னங்காலுக்குப் போகிற நரம்பும் பிடிபட்டுவிட்டது, இனி ஒவ்வொரு தடவை எழுவதும் இப்படித்தான் என்றார். நாளைக் காலையில் ஊசி போட்டுவிடலாம், வலியில்லாமல் போய்விடுவாள் என்றார். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். விசில் ஊதவில்லை.

எல்லோரும் போன பிறகு, லாயத்து ஆட்களிடம் நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கா பட்டறைக்கு வந்தாள். மரக்குதிரையின் மேல் அந்தச் சேணம் இருந்தது. அடியில் கைவைத்து அமுக்கிப் பார்த்தாள். எவ்வளவு கனம் என்பது தராசுக்காரிக்குத் தெரியாதா?

"தினம் அவ முதுகுல கை வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"என்ன தெரிஞ்சுது?"

மாமாவுக்கு எப்போதும் கைக்கு அருகில் இருக்கும் மெத்தென்ற வார்த்தைகள் ஒன்றுகூட அகப்படவில்லை.

"பள்ளம் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"நிரப்பினேன்."

அக்கா சேணத்திலிருந்து கையை எடுத்தாள். "லாரின்னு சொன்னதும் எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, நான் அந்த விசில்காரன் கழுத்தைப் பிடிச்சிருப்பேன். பிடிச்சும் அவன் கேக்காம போயிருக்கலாம். அவ லாரியிலயே போயிருக்கலாம்." சேணத்தின் மேல் துணியை இழுத்து மூடினாள். "ஆனா நான் அவளுக்கு ஒரு கேரட்டைக்கூடச் சும்மா குடுக்கலைங்க. குணமாகட்டும், அப்புறம் கொஞ்சிக்கலாம்னு எல்லாத்தையும் சேத்து வெச்சிருந்தேன்."

மறுநாள் காலையில் அக்கா பெரியம்மாவுக்குக் கை நிறையக் கொடுத்தாள், கணக்குப் பார்க்காமல், வாய்க்கு அருகிலேயே கொண்டுபோய். பெரியம்மா பாதியை மென்று பாதியைக் கீழே விட்டாள். கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டபோது மாமா முன்னால் வந்தார். அக்கா தடுக்கவில்லை. ஊசி உள்ளே போனது. கயிறு மாமாவின் கையில் கனத்தது, இன்னும் கனத்தது, பிறகு அவரும் அதனோடு மண்டியிட வேண்டியதாயிற்று.

அந்த வாரக் கடைசியில் பேங்க் மேனேஜர் வந்தார். புது பூட்ஸ், நேரான முதுகு. கையில் ஒரு பொட்டலம்.

"மாமா! டாக்டரைப் பாத்துட்டு வர்றேன். வலி சுத்தமாப் போச்சு. எக்ஸ்ரே பாத்துட்டு அவரே ஆச்சரியப்பட்டுட்டார். எங்க என் ராஜாத்தி? அவளுக்கு வெல்லம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

எதிரே கிடங்கு வாசலில் அக்கா ஓட்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தாள். தட்டு ஆடியது. அவள் நிமிரவில்லை.

பெரியம்மா ஓய்வுக்குப் போயிருக்கிறாள், நல்ல புல்வெளி, நல்ல ஆட்கள் என்று சொல்ல மாமாவுக்கு எல்லா வசதியும் இருந்தது. மேனேஜர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். நன்றி சொல்லி, வெல்லத்தை வேறொரு குதிரைக்குக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போயிருப்பார்.

"செத்துட்டா சார்" என்றார் மாமா. "முதுகு போயிடுச்சு. நீங்க ஏறறப்பவே போயிட்டு இருந்துது."

மேனேஜருக்கு முகம் வெளுத்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே மாமா? அவ்வளவு சொகமா இருந்துதே..."

"தெரியக்கூடாதுன்னுதான் சார் அப்படித் தைச்சேன்."

மேனேஜர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், உட்காரக்கூடாது என்று தோன்றியதுபோல உடனே எழுந்தார். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மாமா அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, பரவாயில்லை சார் என்று சொல்லவும் இல்லை.